இரண்டு வளைவுக்கு நடுவே

வலது கால் மாட்டிக்கொண்டது. இரண்டு பாறைக்கு நடுவில், ஷூவோடு சேர்த்து, கணுக்கால் வரை. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. முறுக்கிப் பார்த்தேன், ஆபரேஷனில் இடுப்பில் வைத்த ஆணி நானும் இருக்கிறேன் என்றது. சரி, நில்லு என்று நின்றுகொண்டிருக்கிறேன். இடது கையில் ஒரு மரத்தின் வேர். வலது கையில் ஒன்றும் இல்லை. இருபதடி மேலே பாதை. இருபதடி கீழேயும் பாதை. இரண்டும் ஒரே பாதைதான், மலையைச் சுற்றிக்கொண்டு முந்நூறு மீட்டர் போய், வளைந்து, தன் தலைக்கு மேலேயே திரும்பி வருகிறது. அவ்வளவு நடந்தால் நாற்பதடி உயரம் கிடைக்கும், அதற்கு ஒரு பாதை, அந்தப் பாதைக்கு ஒரு பலகை. குடும்ப நடைபாதை, இரண்டரைக் கிலோமீட்டர், சிறுவர்களும் பெரியவர்களும் எளிதாக நடக்கலாம் என்று வாசலில் எழுதியிருக்கிறது, பக்கத்தில் படம் வேறு, ஒரு அப்பா, ஒரு அம்மா, கை கோத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள். கிழவனை வரையவில்லை. பலகையில் இடம் போதவில்லையோ என்னவோ. வரையாவிட்டால் போகட்டும். பாதையோடு போயிருந்தால் இந்த வம்பு இல்லை, தெரியும், யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் ஒட்டன்சத்திரத்தில் முப்பத்தாறு வருஷம் தபால் கொடுத்தவனைப் போன வழியே திரும்பி வா என்றால் கால் கேட்காது. தபால்காரன் நடை அப்படி. ஒரு தெருவில் நுழைந்தால் சந்து வழியாக அடுத்த தெருவில் வெளியே வரவேண்டும், முன்வாசலில் மணியார்டரைக் கொடுத்துவிட்டுக் கொல்லை வழியாகப் போய்ப் பின்வீட்டுக்காரருக்குக் கடிதத்தை நீட்ட வேண்டும், மிதித்த தடத்தையே மறுபடி மிதிக்கிறவன் மதியச் சோற்றுக்கு வீடு வந்து சேரமாட்டான். பாதை வளைகிற இடம்வரைகூட நான் போகவில்லை. இலைகளுக்கு இடையே மேலே அதே பாதை திரும்பி வருவது தெரிந்தது, கால் தானாகத் திரும்பிவிட்டது, என்னைக் கேட்கவில்லை. பாதி ஏறினேன். அப்புறம் இந்தப் பாறை.

செருப்பாக இருந்தால் காலை உருவிக்கொண்டு போயிருப்பேன். ஷூ. மாப்பிள்ளை சென்னையிலிருந்து வாங்கி வந்தது, பச்சைக் கோடு போட்டது, உள்ளே பஞ்சு மெத்தை மாதிரி. காலையில் சுகந்திதான் கயிற்றைக் கட்டிவிட்டாள், அவிழ்ந்துவிடாதபடி இரட்டை முடிச்சு. அவிழவில்லை. மகள் கட்டினால் அப்படித்தான் கட்டுவாள். அதை அவிழ்க்கக் குனிய வேண்டும், குனியக்கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார், குனியக்கூடாது, சம்மணம் போடக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது, மனிதன் வேறு என்னதான் செய்வான். இரண்டு தடவை குனிந்து பார்த்தேன். முழங்கால்வரை கை போகிறது. அதற்குக் கீழே வேறு யாருடைய காலோ மாதிரி இருக்கிறது. அங்கே ஒரு அட்டை வேறு ஏறிக்கொண்டிருக்கிறது. மெலிந்த கறுப்பு நூல் மாதிரி இருந்தது, ஷூவின் நாக்கில் கொஞ்ச நேரம் நின்று தலையை அங்கும் இங்கும் ஆட்டி மோப்பம் பிடித்தது, இப்போது காலுறைக்கு மேலே சதையில் உட்கார்ந்துவிட்டது. வலிக்கவில்லை. குடி. சர்க்கரை இருக்கிறது, உன் பாடு. நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அது என்னைக் குடிக்கிறது, இரண்டு பேரும் இங்கேயிருந்து நகரப்போவதில்லை. கூப்பிட்டால் ஆள் வரும். கூப்பிடமாட்டேன். வாசலில் டிக்கெட் கிழித்த பெண் ஆளுக்கொரு விசில் கொடுத்தாள், ஏதாவது என்றால் ஊதுங்கள் தாத்தா என்று. அது சட்டைப் பையில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும். ஏதாவது என்றால்தானே.

பந்தயம் என்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளைதான் அந்த வார்த்தையைச் சொன்னார், காரை நிறுத்திவிட்டு, சிரித்துக்கொண்டே. சுகந்தி, "அப்பா, நீங்களும் மாமாவும் இந்த பெஞ்சுலயே உக்காந்து பையெல்லாம் பாத்துக்குங்க, நாங்க ஒன்றரை மணி நேரத்துல வந்துருவோம்" என்றாள். சம்பந்தி உடனே உட்கார்ந்துவிட்டார். உட்காரச் சொன்னால் உட்காருகிற ஆள். மாப்பிள்ளையின் அப்பா. நான் உட்காரவில்லை. "நான் மேல வரைக்கும் நடப்பேன்" என்றேன். "அப்பா, இடுப்பு." "என் இடுப்புதான்." அப்போதுதான் மாப்பிள்ளை, "சரி மாமா, ஒரு பந்தயம், யாரும் கை பிடிக்காம மலை விளிம்பு வரைக்கும் நடந்துட்டீங்கன்னா வீட்டப் பத்தி நாங்க பேசவே மாட்டோம், இல்லேன்னா வியாழக்கிழமை விலை பேச வர்றவருக்கு வீட்டைக் காட்டிருவோம், நீங்க எங்களோட வந்துருவீங்க, சரியா?" என்றார். பிள்ளைகள் கை தட்டின. வியாழக்கிழமை ஒருத்தன் வந்து என் வீட்டைப் பார்ப்பான். சுவரைத் தட்டிப் பார்ப்பான். குழாயைத் திறந்து பார்ப்பான். இரண்டு அறை, ஒரு மொட்டைமாடி, நான் எழுந்தால் எழுகிற வீடு, நான் படுத்தால் படுக்கிற வீடு, அதில் அந்த ஆள் எந்தச் சுவரை இடிக்கலாம் என்று கேட்பான். "சரி" என்றேன். கிளம்பிவிட்டேன். "இருங்கப்பா, பிள்ளைங்க பாத்ரூம் போயிட்டு வரட்டும்" என்றாள். "பின்னால வா" என்றேன். எனக்கு யாருக்காகவும் நின்று பழக்கமில்லை. தபால் கட்டு எட்டரைக்கு வந்தால் எட்டு நாற்பதுக்கு நான் தெருவில் இருப்பேன். போன் பையில், பை சம்பந்தியிடம். அதைத் திரும்பிப் போய் வாங்கவும் இல்லை.

கீழே பேச்சுச் சத்தம். அவர்கள்தான். சின்னவன் எதையோ குச்சியால் அடித்துக்கொண்டு வருகிறான், டப் டப். பெரியவள், "தாத்தா எங்கம்மா?" என்கிறாள். நான் மூச்சை அடக்குகிறேன். எதற்கு அடக்குகிறேன், மூச்சு விட்டால் இருபதடிக்குக் கேட்குமா, ஆனாலும் அடக்குகிறேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் உண்ணிச்செடி புதர், அந்தப் பக்கம் ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்து மறைகிறது. "அதுக்குள்ள எங்க போனாரு" என்கிறார் மாப்பிள்ளை. "மேல போயிருப்பாரு. அவரு நடை உங்களுக்குத் தெரியாது" என்கிறாள் சுகந்தி. குரலில் ஒரு மிடுக்கு. என் மகள் என்னைப் பற்றி மிடுக்காகப் பேசி நான் கேட்டு வருஷக்கணக்காகிறது, பாத்ரூமில் விழுந்ததிலிருந்து அவள் குரலே மாறிவிட்டது, போனில் "சாப்டீங்களா" என்று கேட்பதுகூட ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்கிற மாதிரி. இப்போது மிடுக்கு. அதை நான் புதருக்குப் பின்னால் நொண்டிக் கொக்கு மாதிரி நின்று கேட்கவேண்டியிருக்கிறது. சுகந்தி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரை வந்தது. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டேன். டப் டப் தூரமாகப் போகிறது. பாத்ரூமில் எவ்வளவு நேரம் கிடந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது அரை மணி என்றேன். அரை மணி இல்லை. ஆறு மணிக்கு விழுந்தேன், காஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் கதவைத் தட்டியபோது ஒன்பதே கால். மூன்றேகால் மணி நேரம் ஒரு பச்சை வாளியின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், அதில் ஏதோ எண் பதித்திருந்தது, பதினெட்டு, அது வாளியின் கொள்ளளவா கம்பெனியின் எண்ணா என்று யோசித்தேன், பக்கத்து வீட்டில் குக்கர் நாலு தடவை விசில் அடித்தது, அந்தம்மா யாரோடோ சண்டை போட்டது, ஐயோ என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்திருப்பார்கள். போடவில்லை. ஏன் போடவில்லை. இடுப்பில் துண்டு இல்லை, அதனால். அது ஒரு காரணம். இன்னொன்று, எழுந்துவிடுவேன் என்று நினைத்தேன். ஒன்பதே கால்வரைக்கும் நினைத்தேன். இப்போதும் அதேதான் நினைக்கிறேன், அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. பயம் இல்லை. யோசனை.

இப்போது மேலே. வளைவு சுற்றி வந்துவிட்டார்கள், பிள்ளைகளோடு நடந்தாலும் இருபது நிமிஷத்துக்குள் வந்துவிட்டார்கள், நான் குறுக்கே ஏறி இன்னும் இங்கேயே நிற்கிறேன். மேலேயிருந்து ஒரு கல் உருண்டு என் தோளில் பட்டுப் போகிறது. சின்னவன்தான் உதைத்திருப்பான். இங்கேயிருந்து இன்னும் தெளிவாகக் கேட்கிறது. "உங்கப்பாவ ஒத்துக்கணும்" என்கிறார் மாப்பிள்ளை, மூச்சு வாங்குகிறது அவருக்கு, நாற்பத்தாறு வயசு. "நான்தான் சொன்னேன்ல" என்கிறாள். "ஆனா அங்க ஒருவேளை ஆள் இல்லேன்னா?" "ஏன் இப்படிப் பேசுறீங்க?" "பேசல. இல்லேன்னா உடனே கீழ வாசல்ல சொல்லணும், ஆளுங்க கயிறோட வருவாங்க, அதான் சொல்றேன்." கயிறு. நாலு பேர் கயிறோடு வந்து, ஸ்ட்ரெச்சரில் வைத்து, குடும்ப நடைபாதையில், எதிரே வருகிற குடும்பமெல்லாம் ஒதுங்கி நின்று பார்க்க, யாராவது ஒருத்தன் போனில் படம் எடுக்க. விளிம்புக்கு இங்கேயிருந்து அரைக் கிலோமீட்டர். அவர்கள் போய்ச் சேரப் பத்து நிமிஷம், என்னைத் தேட ஐந்து நிமிஷம், அப்புறம் கயிறு. கால் மணி நேரம் இருக்கிறது எனக்கு. வேரை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து இழுக்கிறேன். ஷூவுக்குள் கால் நகர்கிறது, ஷூ நகரவில்லை. உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, கீழே வெறும் இலைச்சருகும் சரிவும், வேரைத் தாவிப் பிடித்தேன், உள்ளங்கை உரிந்தது. இதயம் காதுக்குள் அடிக்கிறது. சரி. நில். மறுபடி இழு. ஒரு மலையணில் எங்கோ கடகடவென்று கத்துகிறது, என்னைத்தான் திட்டுகிறது போல. திட்டு. வீடு என்னுடையது. கால் என்னுடையது. கடிதம் மாறிக் கொடுத்தவன் இல்லை நான், முப்பத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு தந்தியை மட்டும் வேண்டுமென்றே அரை மணி தாமதமாகக் கொடுத்தேன், அந்த வீட்டில் அப்போது பந்தி நடந்துகொண்டிருந்தது, சாப்பிட்டு முடிக்கட்டும் என்று வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. நிற்பதால்தான். நின்றால் இதெல்லாம் வரும். அதனால்தான் நிற்பதே இல்லை.

கீழே யாரோ ஏறி வருகிற சத்தம். பாதையில் இல்லை. நேராக, என் தடத்திலேயே, செடியை ஒடித்துக்கொண்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு. வேட்டி. முதலில் வேட்டி தெரிகிறது, அப்புறம் பைகள், இரண்டு தோளில் இரண்டு, கழுத்தில் ஒன்று, நடுவில் சம்பந்தியின் முகம், வெற்றிலை போட்ட வாய். எழுபத்தினாலு வயசு. "என்ன சம்பந்தி, இங்கன நின்னு என்ன செய்யுதீய?" என்கிறார். "சும்மா" என்றேன். "எதுத்தாப்ல பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன், பச்சைக்குள்ள வெள்ளையா ஒண்ணு அசையாம நிக்கு. கொக்குன்னு நெனச்சேன். கொக்கு இவ்வளவு கோவமா நிக்காதுலா." "பையெல்லாம் எதுக்கு?" "பாத்துக்கிடச் சொல்லிட்டுப் போனாங்க. விட்டுட்டு வந்தா கொரங்கா பாத்துக்கிடும்?" இந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. பதினாலு வருஷமாகப் பிடிக்காது. வாய் ஓயாது. கல்யாணத்தன்று விடியக்காலை பாளையங்கோட்டைக்காரர்கள் நாற்பது பேர் வேனில் வந்து இறங்கினார்கள், நான் சந்தனக் கிண்ணத்தோடு மண்டப வாசலில் நின்றேன், இவர் இறங்கி காபி சூடாக இல்லை என்றார். இறங்கியவுடன். அப்புறம் மணையில் மாப்பிள்ளையை உட்காரவைத்து, தாம்பாளத்தில் அவர் காலை எடுத்து வைத்து, என் மனைவி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற நான் கழுவினேன், விரலிடுக்கெல்லாம், பால் ஊற்றி, துடைத்து, பொட்டு வைத்து. குனிய முடிந்த காலம். இவர் பக்கத்தில் அங்கவஸ்திரத்தோடு நிமிர்ந்து நின்றார். அப்படித்தான் நிற்க வேண்டும், பையனைப் பெற்றவர். பெண்ணைப் பெற்றவன் குனிவான், அவர்கள் நிற்பார்கள், யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஆள் இப்போது மூன்று பையையும் ஒரு கிளையில் மாட்டுகிறார். என் காலைப் பார்க்கிறார். சருகில் உட்கார்ந்துவிட்டார்.

"வேண்டாம்" என்றேன். கையை நீட்டிவிட்டார். "சம்பந்தி, வேண்டாம். நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. என் காலத் தொடக்கூடாது." "வீட்டுக்காரனா நான்? பாளையங்கோட்டைல இருந்தத வித்து மூணு வருசம் ஆச்சு. அசையாம நில்லும்யா." நில்லும் என்றார். பதினாலு வருஷமாக நீங்கள், வாங்க, உக்காருங்க. இன்றைக்கு நில்லும். மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து விரலில் தொட்டு அட்டைமேல் வைக்கிறார், அது சுருண்டு விழுகிறது. ரத்தம் நூலாக வழிகிறது, அதை வேட்டி நுனியால் துடைக்கிறார். அப்புறம் முடிச்சு. நனைந்து இறுகியிருக்கிறது. நகத்தால் கிளறுகிறார், பேசிக்கொண்டே. "காலைல எந்திரிச்சா எங்க உக்காரதுன்னு தெரியாதுவே. ஹால்ல உக்காந்தா டிவிய மறைக்கேன். பால்கனில உக்காந்தா துணி காயப்போட எடமில்ல. ஒம்ம மக தங்கமான பிள்ள, அவள ஒண்ணும் சொல்லல. எம் மவனும் கெட்டவன் இல்ல. எடம் இல்ல, அவ்வளவுதான். நாலாவது மாடில ஒரு நாற்காலி. அத எங்க போட்டாலும் யாருக்காவது இடிக்கி." முதல் முடிச்சு அவிழ்ந்தது. "விக்கும்போது எல்லாரும் நல்லாத்தான் சொன்னாங்க. நானும் தலைய ஆட்டினேன். ஆட்டுன தலைய இப்ப நிறுத்தத் தெரியல. நீரு ஆட்டிராதேயும்." இரண்டாவது முடிச்சுக்குப் பல்லை வைக்கிறார். என் காலில். பையனைப் பெற்றவர். மேலே மரம், மரத்துக்கு மேலே வெள்ளையாக மூட்டம், நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது, மரத்திலிருந்து எதுவாவது விழும், காடு என்றால் அப்படித்தான். கயிறு தளர்ந்தது. குதிகாலைப் பிடித்து மெதுவாக உருவுகிறார், கால் வருகிறது, காலுறையோடு, வெளுத்துப்போய். அதைத் தன் மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவுகிறார். "வலிக்கா?" "இல்ல." "பொய் சொல்லாதேயும்." "கொஞ்சம்." ஷூவை இரண்டு உதை உதைத்து அவரே பிடுங்கி எடுத்து மாட்டிவிட்டார். ஏறினோம். நான் வேர் வேராகப் பிடித்து, அவர் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்து, இருபதடிக்கு எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். பாதையில் நின்று மூச்சு வாங்கும்போது, "ஒம்ம வீட்ல எத்தன ரூம்?" என்றார். "ரெண்டு." "ம்" என்றார். வாய் ஓயாத மனிதர், அரைக் கிலோமீட்டரும் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

விளிம்பில் கம்பி வேலி, ஒரு பெஞ்சு, கீழே மூட்டத்துக்குள் ஒரு ஏரி இருக்கிறதாம், தெரியவில்லை. சுகந்தி எங்களைப் பார்த்து ஓடி வருகிறாள், முகம் வெளிறியிருக்கிறது. "எங்கப்பா போனீங்க? நாங்க வந்து பாத்தா ஆளக் காணோம், இவர் கீழ சொல்ல ஓடப் பாத்தாரு, மாமா, நீங்க எப்படி?" சம்பந்தி முந்திக்கொண்டு, "ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வந்தோம்மா, நேரம் ஆயிட்டு" என்கிறார். பேசிக்கொண்டே. நானும் அவரும். பிள்ளைகள்கூட நம்பாது. அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போகலாம். வேண்டாம். மாறின விலாசத்துக்கு எதையும் நான் கொடுத்ததில்லை. "ஒரு வளைவ விட்டுட்டுக் குறுக்கே ஏறினேன். கால் மாட்டிக்கிச்சு. முக்கால் மணி நேரம். இவர் வந்துதான் எடுத்துவிட்டார்" என்றேன். மாப்பிள்ளை சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்கிறார். அலுவலகக் குரலில், மெதுவாக, "அப்ப மாமா, நாம பேசினது..." என்கிறார். "என்னல பேசினிய" என்கிறார் சம்பந்தி. சத்தம் போடவில்லை. "அப்பா, நீங்க சும்மா இருங்க, இது..." "சும்மாதானல இருந்தேன் மூணு வருசமா. அவரு இங்க நிக்காரு பாரு, நடந்து வந்து நிக்காரு. வியாழக்கெழம வாரவன வரவேண்டாம்னு சொல்லு. இப்பவே சொல்லு." மாப்பிள்ளை தன் அப்பாவைப் பார்க்கிறார், யாரோ வேறு ஆளைப் பார்ப்பதுபோல. போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற இடத்தைத் தேடி, வேலியோரம் நகர்ந்து போகிறார். சுகந்தி அவர் போவதைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்புகிறாள். என் கையை எடுத்து உரிந்த இடத்தைப் பார்க்கிறாள். "சரிப்பா. விக்கல. ஆனா எனக்குத் தூக்கம் வரணும்லப்பா. மறுபடி விழுந்தீங்கன்னா யாரு வருவா? யாரக் கூப்பிடுவீங்க? நீங்க யாரையும் கூப்பிட மாட்டீங்க, எனக்குத் தெரியும். ஒரு பேரு சொல்லுங்க. ஒரே ஒரு பேரு, நான் விட்டுடறேன்." பதில் இல்லை என்றுதான் கேட்டாள். எனக்கும் இல்லை என்றுதான் நேற்றுவரை தெரியும். சம்பந்தியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததோடு சரி. அவர் பெஞ்சில் உட்காரவில்லை. மூன்று பையையும் இறக்காமல் என் பக்கத்திலேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"ஆவுடையப்பன்" என்றேன்.